சனி, ஞாயிறு: தனியாக ஒரு பட்டணப் பயணம்
(இந்த மாதப் பாடம்)



நம் கூட்டமைப்பிலிருந்து பலமுறை பார்த்தறிதல் பயணம் போயிருக்கிறோம். வேன் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்பினோம். சந்தோஷம்தான். ஆனால் வழி தெரிந்தது வேன் ஓட்டுநருக்கு, டிக்கெட் எடுத்தது ஊக்குநர். மற்ற நாம் எல்லோரும் இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கினோம், ஏறச் சொன்னபோது ஏறினோம்.

ஒரு நாள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. குழுப் பொருளை விற்பனைக் கண்காட்சிக்குக் கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த நாளில்தான் முதல்முறையாகத் தனியாகப் பட்டணத்தில் கால் வைப்பது என்றால் மனசு பதறும். அவசரமே இல்லாத ஒரு சனி, ஞாயிறில் தனியாகப் போய்ப் பழகிவிட்டால் அவசரத்தில் கை கொடுக்கும். வருஷம் பூரா வீட்டுக்கும் வயலுக்கும் ஓடுகிற ஒருத்திக்கு இரண்டு நாள் தனக்கென்று வேண்டாமா? அதற்கும் இந்தப் பயணம் ஆகும்.

பாடத்துக்கு வடசென்னையை எடுத்துக்கொண்டோம். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. ரயில், மெட்ரோ, பஸ் மூன்றும் உண்டு. உழைக்கிற மக்கள் வாழும் பகுதி, அதனால் செலவும் குறைவு.

1. பெண்கள் தனியாகப் போவது புதிதா?

இல்லை. மீஞ்சூர் பக்கத்து மேலூரில் திருவுடையம்மன், திருவொற்றியூரில் வடிவுடையம்மன், திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். பௌர்ணமி நாளில், அதிலும் வெள்ளிக்கிழமை பௌர்ணமியில், காலையில் மேலூர், உச்சியில் திருவொற்றியூர், மாலையில் திருமுல்லைவாயில் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்ப்பது விசேஷம் என்று பெண்கள் காலங்காலமாகப் போய் வருகிறார்கள். மூன்று ஊர், ஒரு நாள், இடையில் பலமுறை வண்டி மாற வேண்டும். வழியும் நேரமும் கணக்குப் போடாமல் இது நடக்குமா? பக்தி என்ற பேரில் நம் பாட்டிமார்கள் பயணத் திட்டம் போடக் கற்றிருந்தார்கள்.

2. வீட்டில் எப்படிச் சொல்வது?

"தனியா எதுக்கு? நான் கூட வர்றேன்" என்பார் வீட்டுக்காரர். "காலம் கெட்டுக் கிடக்கு தாயி" என்பார் மாமியார். கோபப்படாதீர்கள். அவர்கள் பயத்துக்குப் பதில் எழுத்தில் இருக்கட்டும். எந்த வண்டி, எத்தனை மணி, எங்கே தங்கல், யார் போன் நம்பர், எப்போது திரும்புவது, இவற்றை ஒரு தாளில் எழுதி ஒரு பிரதி வீட்டிலும் ஒரு பிரதி குழு ஊக்குநரிடமும் கொடுங்கள். "காலை, மதியம், ராத்திரி மூணு வேளையும் நானே போன் பண்றேங்க" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்தால் அடுத்த முறை இந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

போய்விட்டு வரலாமா என்று கேட்பது ஒன்று. போகிறேன், இதோ விவரம் என்று சொல்வது இன்னொன்று. குழுவில் சேர்ந்து இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டுக் கணக்குப் பார்க்கிற நாம் இரண்டாவது விதமாகப் பேசப் பழக வேண்டும்.

3. பணம்

பயணத்துக்காக உள்கடன் வாங்க வேண்டாம். உள்கடன் வருமானம் தரும் வேலைக்கும் ஆபத்து அவசரத்துக்கும்தான். மாதம் ஒரு தொகையைத் தனியாக உண்டியலில் போட்டு, சேர்ந்த பிறகு கிளம்புங்கள். போகவர வண்டி, தங்கல், சாப்பாடு, உள்ளூர் பஸ்-ரயில், கை மீதி என்று ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள். கை மீதியைத் தொடவே கூடாது. பணத்தை ஒரே பர்ஸில் வைக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள்.

4. போகும் வழி

ரயிலில் 60 நாள் முன்னதாகப் பதிவு செய்யலாம். வெள்ளி ராத்திரி கிளம்பி, ஞாயிறு ராத்திரி திரும்ப, இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். தனியாகப் போகும் பெண்களுக்குத் தொலைதூர ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் மகளிர் ஒதுக்கீடு உண்டு. 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் படுக்கை தருவதற்கும் ஒதுக்கீடு உண்டு.

ஒரு சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண் துணை இல்லாமல் பயணம் செய்யும் பெண்ணிடம் டிக்கெட் இல்லையென்றாலும், ராத்திரியில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிடக் கூடாது. ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி போய்ச் சேரும் கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன் ஆகிய இடங்களில், அதுவும் பகலில்தான் இறக்கலாம் என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139-வது பிரிவு சொல்கிறது. டிக்கெட் இல்லாமல் போங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. டிக்கெட் தொலைந்துபோனால் பதறாமல் இருக்கத்தான் சொல்கிறோம்.

தென்மாவட்ட பஸ்கள் 2024 முதல் கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. அங்கிருந்து மாநகர பஸ் பிடித்து விமான நிலையம் வந்தால் மெட்ரோவின் நீல வழித்தடம் கிடைக்கும். அதே வண்டி சென்ட்ரல் வழியாக விம்கோ நகர் வரை நேராகப் போகிறது. எழும்பூரில் இறங்கினால் ஒரு ஸ்டேஷன் மெட்ரோவில் வந்து சென்ட்ரலில் மாறுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரியில்.

கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்புகிறது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர், மீஞ்சூர் எல்லாம் இந்த வழியில்தான். மகளிர் பெட்டி எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தில் கேட்டு அங்கே நில்லுங்கள். 2021 மே மாதத்தில் தொடங்கிய திட்டப்படி சாதாரணக் கட்டண மாநகர பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஏறும்போது "இது சாதா பஸ்ஸாங்க?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. தங்கல்

நம்பிக்கையான சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது. இல்லையென்றால் ரயில் டிக்கெட் எண்ணைக் காட்டிப் பெரிய ஸ்டேஷன்களின் ஓய்வறையை முன்பதிவு செய்யலாம். அரசின் தோழி விடுதிகளில் ஒன்றிரண்டு நாள் தங்க இடம் உண்டா என்று முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கலாம். லாட்ஜ் என்றால் தனியாக வரும் பெண்ணுக்கு அறை தருவார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் தர மாட்டார்கள். அது உங்கள் குற்றமில்லை. ஆனால் ராத்திரியில் வாசலில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. ஆதார் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். அறைக்குள் போனதும் முதலில் தாழ்ப்பாளைப் பாருங்கள். அறை எண்ணை வெளியாளிடம் சொல்லாதீர்கள்.

6. சனிக்கிழமை: திருவொற்றியூர், எண்ணூர்

பையைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டுத் திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயில் பக்கம்தான். சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்த ஊர் இது. உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. வாய்வார்த்தையோடு விடாமல் உறுதி வாங்கிக்கொண்டவர் சங்கிலியார், நாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குவதைப்போல! 63 நாயன்மாரில் ஒருவரான கலிய நாயனாரும் இங்கே செக்காட்டி எண்ணெய் எடுத்துக் கோயிலுக்கு விளக்கேற்றியவர். கோயில் மதியம் நடை சாத்தும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்சார ரயிலில் எண்ணூர் போகலாம். ரயிலின் ஜன்னலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தொழிற்சாலைகள், எண்ணெய்த் தொட்டிகள், தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். 2001-ல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் துறைமுகம் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே முதலில் கட்டப்பட்டது. இப்போது அதன் பெயர் காமராஜர் துறைமுகம். நம் ஊர் வீட்டில் எரிகிற விளக்குக்கும் இந்தப் புகைக்கும் சம்பந்தம் உண்டு. இங்கே கொசஸ்தலையாறு கடலில் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இந்த முகத்துவாரத்தில் பரவி வலை, படகு, மீன் எல்லாம் பாழாயின. அதே மாதக் கடைசியில் ஓர் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்து, ராத்திரியில் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். பட்டணத்தின் வசதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை நேரில் பார்ப்பதும் படிப்புதான்.

கடற்கரையில் மணலுக்குப் பதில் பாறாங்கற்கள் கொட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. அதற்குத்தான் கற்கள். அவற்றின் மேல் ஏறாதீர்கள், வழுக்கும். இருட்டுவதற்குள் தங்குமிடம் திரும்பிவிடுங்கள்.

7. ஞாயிற்றுக்கிழமை: காசிமேடு, ராயபுரம், எம்.சி. ரோடு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியுமுன்னே தொடங்கிவிடும். நீங்கள் வெளிச்சம் வந்த பிறகே போங்கள். ஞாயிறு என்றால் கூட்டம் நெரியும், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கூடையை வைத்துக்கொண்டு உரக்க விலை சொல்லும் அக்காமார்களைக் கவனியுங்கள். எப்படி விலை ஏற்றுகிறார்கள், எங்கே இறங்கி வருகிறார்கள்? வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வகுப்பு கிடையாது. போட்டோ எடுக்கும் முன் "எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வரத்து குறைவு.

அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பழைய தூண் கட்டடம் இன்றும் நிற்கிறது.

பத்து மணிக்குமேல் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. புடவை, நைட்டி, பிள்ளைகள் துணி எல்லாம் மலிவு. ஊரில் துணி வியாபாரம் செய்கிறவர்கள் முதலில் நான்கு கடையில் விலை மட்டும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். முதல் பயணத்திலேயே சரக்கு எடுக்க வேண்டாம். மொத்த விலை, குறைந்தது எத்தனை உருப்படி, பழுதானால் மாற்றித் தருவார்களா, இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

8. பாதுகாப்பு

• அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் 139, ஆம்புலன்ஸ் 108. செல்போனில் மட்டுமல்ல, தாளிலும் எழுதி வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்துபோகலாம்.
• வழி கேட்பதென்றால் கடைக்காரர், போலீஸ், பூக்கார அம்மா, குடும்பத்தோடு நிற்பவர்களிடம் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும் சரிபாருங்கள்.
• ஆட்டோவில் ஏறுமுன் வாடகை பேசி, வண்டி எண்ணை வீட்டுக்குப் போனில் சத்தமாகச் சொல்லுங்கள்.
• முன்பின் தெரியாதவர் தரும் காபி, பிஸ்கட் வேண்டாம்.
• யாராவது தொந்தரவு செய்தால் வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். குரலை உயர்த்துங்கள். வடசென்னையில் சத்தம் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.
• நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர், மாத்திரை, நாப்கின், ஒரு மாற்றுடை போதும். பை இலேசாக இருந்தால் மனசும் இலேசாக இருக்கும்.

9. திரும்பி வந்த பின்

அடுத்த குழுக் கூட்டத்தில் கால் மணி நேரம் கேட்டு வாங்கி, போன வழியையும் ஆன செலவையும் சொல்லுங்கள். எங்கே தடுமாறினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருத்தி போட்ட பாதையில் அடுத்தவள் சுலபமாக நடப்பாள். ஒருவர் சேமிப்பு பத்துப் பேருக்குக் கடனாவதுபோல ஒருவர் அனுபவமும் பத்துப் பேருக்குத் தைரியமாகும்.

குழுவில் பேசிப் பாருங்கள்:

1. நம் குழுவில் மாவட்டத் தலைநகருக்குத் தனியாகப் போய் வந்தவர்கள் எத்தனை பேர்? போகாதவர்களுக்குத் தடை பணமா, பயமா, வீடா?
2. ஆண்கள் தனியாகப் போனால் கேட்காத கேள்விகளில் எவற்றை நம்மிடம் கேட்கிறார்கள்?
3. உங்கள் ஊரிலிருந்து திருவொற்றியூர் போய்வர எத்தனை வண்டி மாற வேண்டும், என்ன செலவாகும்? குழுவாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்.
4. ஓர் உறுப்பினர் வெளியூர் போகும் இரண்டு நாளும் அவர் வீட்டு ஆடுமாட்டையும் பிள்ளைகளையும் குழு எப்படிப் பார்த்துக்கொள்ளலாம்?

நான்காவது கேள்விக்கு விடை கண்டுபிடித்த குழுவிலிருந்துதான் முதல் ஆள் கிளம்புவாள் என்று நம்புகிறோம். தீர்மானமாகவே எழுதிவிடுங்கள்.