இரவல் காரும் இரண்டு பக்கப் படிவமும்

காலை ஒன்பதரை மணி. கண்ணாடிச் சுவர், காபி மெஷின், உட்கார்ந்தால் எழ மனம் வராத சோபா. சென்னைப் புறநகரில் ஒரு சொகுசு கார் சர்வீஸ் சென்டர். என் அத்தை மகன் தன் ஜெர்மன் காரின் சாவியை மேசைமேல் வைத்தான். கியர் மாறும்போது ஒரு இடி இடிக்கிறதாம். பிரித்துப் பார்க்க இரண்டு நாளாவது ஆகும் என்றார் சர்வீஸ் அட்வைசர். “அதுவரைக்கும் உங்களுக்குக் கர்ட்டசி கார் ரெடி பண்ணிட்டோம் சார்” என்றதும் மாப்பிள்ளை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான், பார்த்தாயா என் மரியாதையை என்பதுபோல.

ஐந்து நிமிடத்தில் வாசலில் வந்து நின்றது ஒரு வெள்ளை ஹேட்ச்பேக். எங்கள் தெருவிலேயே நாலு நிற்கிறது.

“மச்சான், இதுல போனா கிளப் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பானா?”

அவன் கவலை அவனுக்கு. அட்வைசர் நீட்டிய இரண்டு பக்கப் படிவத்தில் படிக்காமலே கையெழுத்தைப் போட்டுவிட்டான். நான் அதை வாங்கிப் படித்தேன். படித்ததிலிருந்து எனக்கு வேறு கவலை.

கர்ட்டசி கார், லோனர், ஸ்பேர் வண்டி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். தமிழில் இதற்கென்றே வார்த்து வைத்ததுபோல் ஒரு சொல் கிடக்கிறது: இரவல். அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

நம்பிக்கை: பென்ஸை விட்டால் பென்ஸ்தான் தருவார்கள்.

இது அமெரிக்காவிலிருந்து வந்த நினைப்பு. அமெரிக்காவில் உறவு உள்ளவர்கள் சொல்லிச் சொல்லி இங்கே ஊறிப்போனது. 1989-இல் டொயோட்டா தன் லெக்சஸ் பிராண்டை அங்கே இறக்கியது. சில மாதத்திலேயே, டிசம்பரில், விற்ற 8,000 எல்எஸ் 400 கார்களையும் திரும்ப அழைக்க வேண்டிய நிலை. காரணம், இரண்டே இரண்டு வாடிக்கையாளர் புகார்கள். கம்பெனி ஆட்கள் வீடு தேடிப் போய் வண்டியை எடுத்துவந்து, சரிசெய்து, திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். தொலைவில் இருந்தவர்களுக்காக அந்தந்த ஊரில் கராஜ் வாடகைக்குப் பிடித்தார்கள். இருபது நாளில் வேலை முடிந்தது. மானம் போகவேண்டிய இடத்தில் பேர் கிடைத்தது. சொகுசு கார் விற்றால் உபசாரமும் சேர்த்து விற்க வேண்டும் என்று மற்றவர்களையும் யோசிக்க வைத்த சம்பவம் அது.

இன்று அங்கே லோனர் என்பது ஒரு தனி வியாபாரம். புது வண்டியை டீலர் லோனராக ஓட்டுவதற்குக் கம்பெனியே உதவித்தொகை தருகிறது. சில மாதம், சில ஆயிரம் மைல் ஓடியதும் அதே வண்டி தள்ளுபடி விலையில் விற்பனைக்கு வரும். வாங்க ஆளும் வரிசையில் நிற்கும்.

இங்கே கணக்கு வேறு. 2024-இல் மெர்சிடீஸ் பென்ஸ் இந்தியா முழுவதும் விற்றது 19,565 கார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரியே 20 சதவீதம், 2023 நவம்பரிலிருந்து. ஐம்பது லட்ச ரூபாய் வண்டியை இரவல் கொடுப்பதற்கென்று பதிவு செய்ய ஒரு டீலர் பத்து லட்சம் வரி கட்டுவாரா? கட்டினாலும் அப்படி எத்தனை வண்டி வைப்பார்? அதனால்தான் ஹேட்ச்பேக். சில இடங்களில் வண்டியே கிடையாது, டாக்ஸி பிடித்துக் கொடுப்பார்கள். அல்லது டிரைவரே வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துப்போய்த் திருப்பி விடுவார். வெள்ளம் வந்தால் அதுவும் சந்தேகம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற கார்கள் மொத்தமாக ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தன. நாலைந்து இரவல் வண்டியை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது?

ஜப்பானில் இதில் வெட்கமே கிடையாது. அங்கே இந்த வண்டிக்குத் ‘தைஷா’ என்று பெயர், நேர்ப்பொருள் மாற்று வண்டி. பெரிய காரைச் சோதனைக்கு விட்டவர் தீப்பெட்டி போன்ற கேய் காரில் வீட்டுக்குப் போவது அங்கே சாதாரணக் காட்சி.

நம்பிக்கை: ஷோரூம் டெமோ கார் சும்மாதானே நிற்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம்.

கேட்பதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் அது டிரேட் சர்டிபிகேட்டில் ஓடும் டீலர் வண்டி. அதை எதற்கெல்லாம் ரோட்டில் எடுக்கலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 41 பட்டியலே போட்டிருக்கிறது: பழுது பார்த்தபின் சோதனை ஓட்டம், எடை மேடைக்கும் பதிவுக்கும் போய்வருவது, வாங்கப்போகிறவருக்கு ஓட்டிக் காட்டுவது, டெலிவரி, கண்காட்சி, இப்படி. சர்வீஸுக்கு விட்டவர் இரண்டு நாள் ஆபீஸ் போய்வருவது அந்தப் பட்டியலில் இல்லை. ‘பக்கத்துலதானே சார்’ என்று யாராவது சிவப்புப் பிளேட் வண்டியின் சாவியை நீட்டினால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவது அந்தப் பலகையைப் பற்றித்தான்.

முறையாகப் பதிவான டெமோ காரிலும் ஒரு முடிச்சு உண்டு, அது வரியில் இருக்கிறது. டெமோ வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை டீலர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்று 2024 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. அதே சுற்றறிக்கை, அந்த வண்டியை ஊழியர்களையும் நிர்வாகிகளையும் ஏற்றிச்செல்வது போன்ற வேறு வேலைக்கு வைத்துக்கொண்டால் கழிவு கிடையாது என்றும் சொல்கிறது. பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். அவ்வளவு பணம் தொங்கும்போது, டெமோ காரை உங்கள் வீட்டு வாசலில் இரண்டு ராத்திரி நிறுத்த எந்த அக்கவுன்டன்ட் சம்மதிப்பார்? சேல்ஸ்காரர் முகம் கொடுக்காமல் நழுவுகிறார் என்றால் அது கர்வம் அல்ல.

நம்பிக்கை: ஒரு கோடி கொடுத்து வாங்கியவனுக்கு மாற்று வண்டி உரிமை.

இல்லை. வாரண்டிப் புத்தகத்தைப் புரட்டினால், வண்டி நின்றதால் வரும் அலைச்சலுக்கும் வாடகைச் செலவுக்கும் பொறுப்பில்லை என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். வண்டி வாங்கும்போது வாயால் சொன்ன வாக்குறுதிக்கு ஆயுசு டெலிவரி தேதி வரைதான். சர்வீஸ் பேக்கேஜிலோ கொட்டேஷனிலோ எழுத்தில் இருந்தால் கதை வேறு. காசு வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாதது சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதிடலாம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்சம்தான். கார் விலை அதற்குமேல் என்றால், காரின் குறையைச் சொல்லும் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போகும். வக்கீல் பீஸும் கூடவே போகும்.

நம்பிக்கை: காசு வாங்குவதில்லையே, எல்லாம் இலவசம்.

காசு வாங்காததற்குப் பெருந்தன்மை மட்டும் காரணமில்லை, வாங்க முடியாது. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விட்டால் அது பெர்மிட் இல்லாத வாடகை வண்டி. 10,000 ரூபாய் அபராதம். நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்று தனி அடையாளமே இருக்கிறது. தனியார் காருக்கான பாலிசியிலும் வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்ற நிபந்தனை உண்டு. ஆகவே, ‘நாளுக்கு இவ்வளவு’ என்று வெள்ளைப் பலகை வண்டிக்குப் பணம் கேட்டால் பயப்பட வேண்டியது பில்லைப் பார்த்து மட்டுமல்ல.

மற்றபடி பெட்ரோல் உங்களுடையது. ஃபாஸ்டேக்கில் கழிந்ததைக் கேட்டு வாங்குவார்கள். சிக்னல் தாண்டினால் இ-சலான் ஆர்சியில் உள்ள பெயருக்குப் போகும், அங்கிருந்து தேதி பார்த்து உங்களிடம் வந்துசேரும். சில வாரம் கழித்து வரும் என்பதால் நிறையப் பேர் தப்பித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை: என்ன ஆனாலும் நம்ம இன்சூரன்ஸ் இருக்கு.

அந்தப் படிவத்தைப் படித்தபோது என் கண் நின்ற இடம் இதுதான். நம் நாட்டில் மோட்டார் இன்சூரன்ஸ் வண்டியோடு போகும், ஆளோடு போகாது. மாப்பிள்ளையின் ஜெர்மன் காருக்கு எத்தனை லட்சம் பிரீமியம் கட்டியிருந்தாலும் அந்த ஹேட்ச்பேக்குக்கு அதில் ஒரு பைசா பாதுகாப்பு இல்லை. டீலர் எடுத்த பாலிசிதான் பேசும். பாலிசி காலாவதி ஆகியிருந்தால் கொடுத்தவர், ஓட்டியவர் இருவர் மேலும் குற்றம். முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ.

நான் அட்வைசரிடம் பாலிசி நகல் கேட்டேன். அவருக்கே ஆச்சரியம். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்” என்று உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தார். பம்பர் டு பம்பர் இல்லாத சாதாரண பாலிசி. அப்படியென்றால் பம்பர், ஹெட்லைட் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிளெய்மில் வரும். 1,500 சிசிக்குள் என்பதால் கட்டாயக் கழிவு வேறு 1,000 ரூபாய். கிளெய்மில் வராதது அத்தனையும் வண்டியை எடுத்தவர் தலையில் என்பது படிவத்தின் ஏழாவது வரி. எட்டாவது வரி, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளுக்கான நஷ்டமும் சேர்த்து. மாப்பிள்ளையின் கையெழுத்து அதற்குக் கீழேதான் அழகாகச் சாய்ந்து கிடந்தது.

வண்டி அடிபடுவதாவது பணத்தோடு போகும். ஓட்டுபவருக்கே ஏதாவது ஆனால்? 2018-இலிருந்து உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம் என்று நமக்குத் தெரியும். அது உரிமையாளர் தன் வண்டியை ஓட்டும்போது. டீலரின் கம்பெனி பெயரில் பதிவான வண்டிக்கு அது பொருந்தாது, கம்பெனிக்கு லைசென்ஸ் ஏது? மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் நஷ்டஈடு கேட்கலாமே என்றால், அங்கேதான் இரவல் என்ற சொல் சட்டத்துக்குள் வந்து உட்கார்கிறது.

கர்நாடகத்தில் இல்கல் ஊரிலிருந்து தன் ஊருக்குப் போக ஒருவர் மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கினார். முன்னால் இரும்புத் தகடு ஏற்றிப் போன மாட்டுவண்டி திடீரென்று நின்றது. மோதி இறந்துபோனார். குடும்பம் நஷ்டஈடு கேட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றம், அன்றைக்கு இருந்த 163-ஏ பிரிவின்கீழ் கேட்க முடியாது என்றது. வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்பது அந்தத் தர்க்கம். வேறு பிரிவில் வழி உண்டா என்று பார்க்க வழக்கு உயர் நீதிமன்றத்துக்கே திரும்பியது. 2020-இல் இன்னொரு இரவல் பைக் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது.

சர்வீஸ் சென்டரின் ஏசியில், பேனா மூடியைக் கழற்றும் அந்த நொடியில் இதெல்லாம் யாருக்கு நினைவு வரும்? தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வைத்திருந்தால் அது எந்த வண்டியில் போனாலும் கைகொடுக்கும். காருக்கு எடுக்கும் ஆட்-ஆன்களை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். ‘தினப்படி’ என்று ஒரு ஆட்-ஆனை விற்கிறார்களே, அது விபத்துக் கிளெய்மில் வண்டி கராஜில் நிற்கும்போது நாளுக்கு இவ்வளவு என்று தருவது. ஆயில் மாற்ற விட்டதற்குக் கிடைக்காது.

சில்லறை நம்பிக்கைகளும் உண்டு. டிரைவரோ பையனோ ஓட்டினால் என்ன என்பார்கள். படிவத்தில் எழுதிய லைசென்ஸ்காரர் மட்டும்தான் ஓட்டலாம். திருப்பதிக்கு ஒரு எட்டுப் போய்வரலாம் என்பார்கள். மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்றும் நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும் எழுதியிருக்கும், ஜிபிஎஸ் பார்த்துக்கொண்டிருக்கும். ஏற்கெனவே இருந்த கீறலை நம் தலையில் கட்டமாட்டார்கள் என்பதும் நம்பிக்கைதான். நான் செல்போனில் வண்டியைச் சுற்றி ஒரு நிமிட வீடியோ எடுத்தேன். இடது பின்கதவின் கீழ்ப்பக்கம் ஒரு விரல் நீளக் கோடு, படிவத்தின் கார் படத்தில் அது இல்லை. அட்வைசர் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு எக்ஸ் போட்டார்.

இரண்டு நாள் நான்கு நாளானது. கிளப் வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன், சல்யூட் மட்டும் இல்லையாம். வண்டியைத் திருப்பிவிடும் அன்றும் கூடப் போனேன். சாவியைக் கொடுக்குமுன், “போனை அழிச்சியா?” என்று கேட்டேன். முழித்தான். ப்ளூடூத்தில் இணைத்த அன்றே அவன் போன் புத்தகம் முழுக்க அந்தத் திரைக்குள் இறங்கியிருந்தது, வரைபடத்தில் ‘வீடு’ என்று எங்கள் தெரு வேறு. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தோம். அவன் போனுக்குக் கீழே இன்னும் ஆறு போன்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் பெயர் ‘டாக்டர் ஐபோன்’. இன்னொன்று ‘எம்.டி. பெர்சனல்’. கடைசியில் இருந்தது ‘அம்மு அப்பா’.

மாப்பிள்ளை தன்னுடையதை அழித்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, அம்மு அப்பாவையும் அழித்தான்.