தீவுக்குப் போகும் சாப்பாடு: மாலத்தீவு விடுதிகளுக்கான உணவு ஏற்றுமதி பற்றி ஓர் அறிமுகப் பாடம்



ஏற்றுமதி என்றாலே "அது பி.காம். படிச்சவங்க வேலைப்பா, நமக்கு அதுல என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் நம் பாலிடெக்னிக்கில் நிறைய உண்டு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த நான் இன்று தூத்துக்குடியில் காய்கறி, முட்டை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் குளிர் அறையில் வேலை பார்க்கிறேன். அங்கே கற்றதைப் பாடமாக எழுதித் தரும்படி பேரவை நண்பர்கள் கேட்டதால் இக்கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் விலை போட்டியால் கெட்டவர்களை விட, குளிர், காகிதம், கடன் ஆகிய மூன்றில் ஒன்று தவறிக் கெட்டவர்களே அதிகம் என்பது நான் பார்த்த உண்மை. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

சந்தையைத் தெரிந்துகொள்வோம்

1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய ஊர் தூத்துக்குடி. அந்தத் துறைமுகத்திற்கு 2011-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது. அங்கிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 400 கடல் மைல் தூரத்தில் மாலத்தீவின் தலைநகர் மாலே இருக்கிறது. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பலுக்கு 40 மணி நேரப் பயணம்.

மாலத்தீவு என்பது சுமார் 1,200 சிறு பவளத் தீவுகளின் கூட்டம். மணல் தரை, குறைந்த நன்னீர். மீனும் தேங்காயும் தாராளம். மற்ற உணவுப் பொருளில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வர வேண்டும். நம் கடைகளில் விற்கும் மாசிக் கருவாடு அவர்கள் ஊர்ச் சரக்கு என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1972-ல் முதல் சுற்றுலா விடுதி அங்கே திறக்கப்பட்டது. 2024-ல் வந்த பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல். 2022 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வசிப்போர் 5.15 லட்சம் பேர்தான். ஊர்க்காரர்களைப் போல நான்கு மடங்கு விருந்தாளிகள்!

இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் 1981-ல் ஒரு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் கீழ் அத்தியாவசியப் பொருட்களுக்கு ஆண்டுதோறும் அளவு ஒதுக்கப்படுகிறது. 2024–25-க்கு ஒதுக்கிய உச்ச அளவுகளில் சில:

முட்டை – 42.75 கோடி
அரிசி – 1,24,218 டன்
கோதுமை மாவு – 1,09,162 டன்
சர்க்கரை – 64,494 டன்
வெங்காயம் – 35,749 டன்
உருளைக்கிழங்கு – 21,513 டன்

முட்டைக் கணக்கை மட்டும் வகுத்துப் பாருங்கள். வசிப்பவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 830 முட்டை! இவ்வளவையும் ஊர்க்காரர்கள் மட்டும் சாப்பிட முடியாது. விடுதிகளின் காலைச் சாப்பாட்டு மேஜையும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு தீவில் இரண்டு சமையலறை

அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு விடுதி. மின்சாரம் விடுதியின் சொந்த ஜெனரேட்டரில். சரக்கு மாலேயிலிருந்து படகில் போகும். படகு வரும் நாளில் சரக்கு வராவிட்டால் அடுத்த படகு வரைக்கும் சமையற்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்ப அங்கே கடை கிடையாது. ஆகவே விடுதியின் கொள்முதல் அதிகாரி விலையைப் பார்ப்பதற்கு முன் "சொன்ன நாளில், சொன்ன தரத்தில் வருமா?" என்றுதான் பார்ப்பார்.

புதிதாக வருபவர்கள் விருந்தாளிகளின் சமையலறையை மட்டும் நினைக்கிறார்கள். விடுதியில் இன்னொரு சமையலறை உண்டு, அது ஊழியர்களுடையது. தோட்டக்காரர், படகோட்டி, அறை சுத்தம் செய்பவர் என்று நூற்றுக்கணக்கானோர் அதே தீவில் தங்கி வேலை செய்கிறார்கள். வங்காளதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து வந்தவர்கள் அவர்களில் நிறைய. அவர்களுக்கு வேண்டியது அரிசி, பருப்பு, வெங்காயம், உருளை, முருங்கை, கறிவேப்பிலை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை விருந்தாளி கூட்டம்; பிறகு மழைக்காலத்தில் குறையும். ஊழியர் பந்தி அவ்வளவு குறைவதில்லை. நம் ஊர்ச் சரக்குக்கு நிலையான வாடிக்கை அங்கேதான்.

இன்னொரு விஷயம். மாலத்தீவு இஸ்லாமிய நாடு. இறைச்சிக்கு ஹலால் சான்று வேண்டும். பன்றி இறைச்சியும் மதுவும் தனி அனுமதியின்றி உள்ளே போகாது. சாஸ், ஜெலட்டின், பிஸ்கட் போன்ற பாக்கெட் சரக்கிலும் சேர்மானப் பட்டியலை வரி விடாமல் படித்த பிறகே அனுப்ப வேண்டும்.

முதல் பாடம்: குளிர்

குளிர்பதனக் கண்டெய்னரைப் பலர் பெரிய பிரிட்ஜ் என்று நினைத்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து வந்த காயைச் சூட்டோடு ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கண்டெய்னர் வடிவமைக்கப்பட்டது ஏற்கனவே குளிர்ந்த சரக்கை அதே நிலையில் வைத்திருப்பதற்கு. சரக்கைக் குளிரவைக்கும் வேலையைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம்? நாம் வகுப்பில் படித்த சூத்திரமே போதும்.

10 டன் தக்காளி, 32 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 13 டிகிரிக்கு வர வேண்டும். தன்வெப்பம் கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம்.

வெளியேற்ற வேண்டிய வெப்பம் = 10,000 × 4 × 19 = 7,60,000 கிலோஜூல்.

ஒரு டன் குளிர்பதனத் திறன் என்பது 3.517 கிலோவாட், மணிக்கு சுமார் 12,660 கிலோஜூல். ஆகவே ஒரு டன் இயந்திரத்துக்கு 60 மணி நேரம். 5 டன் இயந்திரத்துக்கு 12 மணி நேரம். காய் சுவாசிப்பதால் வரும் வெப்பம், சுவர் வழியாக நுழையும் வெப்பம், கதவைத் திறந்து மூடுவது எல்லாம் இதற்கு மேல். "சாயங்காலம் லோடு வரும், ராத்திரி கண்டெய்னர்ல ஏத்திரலாம்" என்று ஒருவர் சொன்னால், இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

அடுத்து, எல்லாக் காய்க்கும் ஒரே குளிர் ஆகாது. கேரட், முட்டைக்கோஸ், காலிபிளவர் 0 டிகிரி அருகே நன்றாக இருக்கும். வெண்டைக்காய்க்கு 7 முதல் 10 வரை. வெள்ளரிக்கு 10 முதல் 12 வரை. பச்சை வாழைக்காய் 13-க்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். பிறகு சரியாகப் பழுக்காது. பழுக்கும் வாழை, பப்பாளி, தக்காளி ஆகியவை எத்திலீன் வாயுவை வெளிவிடும். அந்த வாயு பட்டால் கீரையும் வெள்ளரியும் மஞ்சளாகும், கேரட் கசக்கும். விடுதிக்காரர் கேட்பதோ எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். ஒரே கண்டெய்னரில் எதை எதோடு சேர்ப்பது என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

மார்க்கெட்டில் மூத்த வியாபாரி ஒருவர் என்னிடம் சொல்வார்: "தம்பி, நீங்க டிகிரியப் பாத்துச் சொல்லுங்க, நான் காயப் பாத்துச் சொல்லுதேன். ரெண்டும் ஒத்து வந்தா ஏத்துவோம்." அவர் அனுபவமும் வேண்டும், தெர்மாமீட்டரும் வேண்டும்.

முட்டையில் ஒரு நுட்பம். குளிரில் இருந்த முட்டையை ஈரக்காற்றில் திடீரென்று எடுத்தால் ஓட்டின் மேல் வியர்க்கும். அந்த ஈரத்தோடு கிருமிகள் ஓட்டுத் துளை வழியாக உள்ளே போகும். எனவே நாமக்கல்லில் லாரி ஏற்றும்போது தொடங்கிய குளிர், விடுதியின் குளிர் அறை வரை அறுபடக் கூடாது. வெங்காயத்தின் பக்கத்தில் அடுக்கினால் முட்டைக்கு அந்த வாடை ஏறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய துறைமுகத்திலிருந்து போகும் தோணிகள் பல தலைமுறையாகத் தீவுகளுக்குச் சரக்கு சுமந்தவை. வெங்காயம், உருளை, கட்டுமானப் பொருளுக்கு அவை ஏற்றவை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோணி ஓடாது. குளிர்ச் சரக்கும் அதில் கூடாது. சரக்கைப் பார்த்துத்தான் வாகனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: காகிதம்

தேவையானவை: வெளிநாட்டு வணிக இயக்குநரகம் தரும் ஏற்றுமதிக் குறியீட்டு எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், அபீடா பதிவு, காய்கறிக்குத் தாவர நலச் சான்று, முட்டைக்குக் கால்நடை மருத்துவச் சான்று, விலைப்பட்டியல், கட்டுப் பட்டியல், சுங்கத்தின் ஷிப்பிங் பில், கப்பல் ரசீது, பிறப்பிடச் சான்று. ஒதுக்கீட்டுச் சரக்கு என்றால் அதற்குரிய அனுமதியும் சேரும்.

கட்டுப் பட்டியலில் 480 பெட்டி, விலைப்பட்டியலில் 482 பெட்டி என்று இருந்தால் போதும், தகராறு தொடங்கிவிடும். நீங்கள் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் கீரை அழுகிவிடும். எல்.சி. மூலம் பணம் பெறும்போது வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை; காகிதத்தை மட்டுமே பார்க்கும். சரக்கு தங்கமாக இருந்தாலும் காகிதத்தில் ஓர் எழுத்து மாறினால் பணம் நிற்கக்கூடும்.

மூன்றாம் பாடம்: கடன்

சுற்றுலாவை மட்டும் நம்பிய சந்தைக்கு ஒரே ஒரு வாசல்தான். 2020 மார்ச் 27-ல் கொரோனாவால் மாலத்தீவு பயணிகளுக்கு அந்த வாசலை மூடியது. ஜூலை 15-ல்தான் திறந்தது. அதற்கு முன் 60 நாள், 90 நாள் கடனுக்குச் சரக்கு கொடுத்திருந்த சிறு வியாபாரிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், ஒரு விடுதி தர வேண்டிய பாக்கிக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். அதுவரை அவருக்குக் காய் கொடுத்த விவசாயிகளும் காத்திருந்தார்கள். "அவங்க ஊர்ல டூரிஸ்ட் வரலன்னா என் வீட்ல ஏன் அடுப்பு எரியல?" என்று அவர் கேட்டார். ஏற்றுமதியின் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சி.

ஆகவே நான் சொல்வது: முதல் முறை வாங்குபவரிடம் முன்பணமோ எல்.சி.யோ இல்லாமல் சரக்கு அனுப்பக் கூடாது. பழகியவருக்கும் கடனுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். 1957 முதல் இயங்கும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீட்டை விசாரித்து எடுக்க வேண்டும். பிரீமியம் கட்டுவது வீண் செலவு என்பவர்கள் 2020-ஐ நினைத்துக்கொள்ளட்டும். எவ்வளவு நல்ல வாடிக்கையாக இருந்தாலும் ஒரே விடுதியை, ஒரே நாட்டை மட்டும் நம்பியிருப்பதும் ஆகாது.

நம் துறைகளுக்கு என்ன வேலை?

மெக்கானிக்கல் மாணவர்களுக்குக் கம்ப்ரஸர், முன்குளிர் அறை. எலக்ட்ரிக்கல் மாணவர்களுக்கு மூன்று பேஸ் மின் இணைப்பு, ஜெனரேட்டர். மின்சாரம் போன பத்தாவது நிமிஷம் யார் என்ன செய்வது என்ற ஒழுங்கு. எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி. தகராறு வந்தால் அந்தப் பதிவுதான் நம் பக்கத்துச் சாட்சி. சிவில் மாணவர்களுக்குக் காப்பிட்ட சுவரும் தரையும். கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு, முதலில் காலாவதியாகும் பெட்டியை முதலில் அனுப்பும் இருப்புக் கணக்கு.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் ஊர் மார்க்கெட்டில் ஒரு கூடை தக்காளியின் உள்வெப்பத்தைப் பறித்த நேரம் முதல் கடை சேரும் நேரம் வரை மணிக்கொரு முறை குறித்து, ஒரு வரைபடம் போடுங்கள். வெப்பம் எங்கே ஏறுகிறது, ஏன் ஏறுகிறது, எவ்வளவு செலவில் அதைத் தடுக்கலாம் என்று எழுதுங்கள். செலவில்லாத நல்ல பிராஜெக்ட் இது. அந்த வரைபடத்தோடு எந்த ஏற்றுமதி அலுவலகத்தின் வாசலிலும் தைரியமாக நின்று வேலை கேட்கலாம்.

மேற்கொண்டு விவரம் வேண்டும் மாணவர்கள் பேரவை மூலம் என்னைக் கேட்கலாம். தெரிந்ததைச் சொல்லித்தரக் காத்திருக்கிறேன்.