குளிர்ந்த வெயிலும் கேடு செய்யும்

வெயிலின் தீங்கை வெப்பத்தைக் கொண்டே மதிப்பிடுவது நம் வழக்கம். உடல் சுட்டால் நிழலை நாடுகிறோம்; குளிர்காற்று வீசினால் கவலையின்றி வெளியில் நிற்கிறோம். இவ்வழக்கம் தவறானது என்பதை லடாக்கின் பனிவெளி தெளிவாகக் காட்டுகிறது.

லே நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அப்பகுதியில் நடுங்கும் குளிரிலும், பாதுகாப்பின்றிப் பனிமீது பணிபுரிவோரின் முகத்தோல் கன்றிச் சிவக்கக்கூடும். சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் தோன்றி, நீர் வடிந்து, விளக்கொளியையும் காண இயலாமற் போகலாம். இதனைப் பனிக்குருடு என்பர். பெரும்பாலும் ஓரிரு நாட்களில் இது தணிந்துவிடும். எனினும் மலைவழியில் தனித்திருப்பவருக்கு உயிராபத்தாக முடியக்கூடும்.

இதற்குக் காரணம், 1801-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் கண்டறிந்த புற ஊதாக் கதிர்களாகும். இவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை, வெப்பமாகவும் உணரப்படுவதில்லை. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் இவற்றின் வலிமை ஏறக்குறைய 10 விழுக்காடு மிகுகிறது. புதுப்பனி இவற்றில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புவதால், தொப்பி அணிந்தவரின் கண்களையும் இவை கீழிருந்து தாக்குகின்றன.

சமவெளியிலும் இத்தீங்கு உண்டு. பல்லாண்டுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து, தோல் சுருக்கம், தோல் புற்றுநோய், கண்புரை ஆகியவற்றிற்கு இது வழிகோலும். கருநிறத் தோலின் நிறமி தோலுக்கு ஓரளவு காப்பாகும். விழிக்கு அது காப்பாகாது.

அவ்வாறாயின் இக்கதிர்களின் வலிமையை எவ்வாறு அறிவது? நிழலே எளிய அளவுகோல். ஆசிரியர்கள் பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர்க் கோலை நிறுத்தி, மணிக்கொருமுறை அதன் நிழலை மாணவரைக் கொண்டு அளக்கச் செய்யலாம். நிழல் கோலினும் குறுகியிருக்கும் நேரமே கதிர்கள் வலிமையுற்றிருக்கும் நேரம். அவ்வேளையில் வெளி வேலையையும் விளையாட்டையும் இயன்றவரை தவிர்த்தல் நன்று. பனிமீது செல்வோர் மட்டும், நிழல் நீண்டிருப்பினும் கண்களைக் காத்தல் வேண்டும்.

வெளிக்களப் பணியாளர் நெருக்கமாக நெய்த முழுக்கை ஆடையும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் அணிக. மூடாத தோலுக்கு வெயில்காப்புக் களிம்பு பூசுக. கண்ணாடி பக்கங்களையும் மறைப்பதாகவும், புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதாகக் குறிப்பிடப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். கருமை மட்டும் போதாது. கருங்கண்ணாடியின் பின்னே கண்மணி விரியுமாதலால், தடுக்கும் திறனற்ற கண்ணாடி கேட்டினை மிகுவிக்கக்கூடும்.

கண் உறுத்தினால் கசக்காமல், இருளில் ஓய்வளித்து, மருத்துவரை நாடுக. வெயில் சுடவில்லை என்பதனால் அது தீங்கற்றது எனக் கொள்ளற்க.