கோழி எச்சமும் குடல் நலமும்
வீட்டுக் கோழி வளர்ப்போர்க்கு ஒரு பாடம்

நெசவும் பயிர்த்தொழிலும் நமது அங்கத்தினர்களின் முதன்மையான பிழைப்பு. எனினும், கூலி கைக்கு வரும் நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே குடும்பத்தின் அவசரச் செலவைத் தாங்குவது பல வீடுகளில் கொல்லைப்புறத்துக் கோழிகளே. தட்டாஞ்சாவடி இன்று தொழிற்பேட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் கொண்ட நகர்ப்பகுதியாகிவிட்ட போதிலும், வீட்டின் பின்புறம் நாலைந்து கோழிகள் வளர்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று. நோய் புகுந்தால் அந்த நாலைந்தும் ஒரே வாரத்தில் மடிந்துபோகக்கூடும். அந்நோய் முதலில் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடங்களுள் எச்சம் ஒன்று. பாவில் இழை அறுந்ததை நெசவாளர் உடனே காண்பதுபோல, நாள்தோறும் காலையில் கூட்டைத் திறந்ததும் எச்சத்தைப் பார்க்கும் வழக்கம் நமக்கு வேண்டும்.

நல்ல எச்சம் எது?

கோழி விழுங்கும் இரை முதலில் கழுத்தடியிலுள்ள பையில் தங்கி ஊறுகிறது. பின்னர் அரைவைப்பையில், கோழி பொறுக்கித் தின்ற சிறு கற்களின் உதவியால் அரைபட்டுக் குடலை அடைகிறது. கோழிக்குச் சிறுநீர் தனியே பிரிவதில்லை. சிறுநீரகம் பிரித்தெடுக்கும் கழிவு வெண்மையான குழம்பாகி மலத்துடன் ஒரே வழியில் வெளியேறுகிறது. ஆதலால், பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் உருண்டு திரண்டு, மேலே வெள்ளைப் படிவுடன் இருப்பதே நல்ல எச்சம். குடலின் கடைப்பகுதியிலுள்ள இரு பைகளிலிருந்து நாளொன்றுக்கு இரண்டொரு முறை கரும்பழுப்பாகவும் பசைபோலவும் துர்நாற்றத்துடனும் எச்சம் வரும். இதுவும் இயற்கையே. இதைக் கண்டு அஞ்ச வேண்டா.

கோடை வெயிலில் கோழி மிகுதியாக நீர் குடிப்பதால் எச்சம் நீர்த்துப்போகும். உப்பு மிகுந்த ஊறுகாய், கருவாடு போன்ற எச்சில் உணவைத் தின்றாலும் அவ்வாறே ஆகும். கீரையை மிகுதியாகத் தின்ற கோழிக்கு எச்சம் பசுமையாகும். இரை தின்று சுறுசுறுப்பாக இருக்கும் கோழியிடம் இத்தகைய மாறுதல் ஒரு நாள் தோன்றி மறைந்தால் கவலையில்லை. அதே பச்சை நிறம், இரை எடுக்காமல் சோர்ந்து நிற்கும் கோழியிடம் காணப்பட்டால் அது பசியையோ நோயையோ குறிக்கும். ஆகவே எச்சத்தை மட்டுமன்றிக் கோழியையும் சேர்த்துப் பார்த்தல் இன்றியமையாதது.

அஞ்சத்தக்க கழிச்சல்கள்

முதலாவது, வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கேத் நோய். 1926-ஆம் ஆண்டில் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அடுத்து இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத்தில் காணப்பட்டதால் நம் நாட்டில் அவ்வூர்ப் பெயரைப் பெற்றது. வெள்ளையும் பச்சையும் கலந்த கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகல், கால் இறக்கை முடங்கல் ஆகியன இதன் குறிகள். இது வைரஸ் நோய். வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. மஞ்சள், சீரகம், கீழாநெல்லி முதலிய கைமருந்துகளை நாம் இகழவில்லை. ஆனால் அவற்றை நம்பித் தடுப்பு மருந்தைக் கைவிடுவது பெருநஷ்டத்தில் முடியும்.

இரண்டாவது, இரத்தக்கழிச்சல். காக்சிடியா என்னும் நுண்ணுயிர் குடற்சுவரை அரிப்பதால் இது உண்டாகிறது. மூன்று முதல் எட்டு வார வயதுள்ள குஞ்சுகளே பெரிதும் இதற்கு இரையாகின்றன. இதன் வித்துகள் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள தரையில் ஓரிரு நாட்களில் தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. எனவே கூட்டின் தரை உலர்ந்திருப்பதே முதல் மருந்து. காலத்தில் கண்டால், கால்நடை மருத்துவர் கூறும் அளவில் ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுத்துக் காப்பாற்றலாம்.

மூன்றாவது, பொரித்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சுகளுக்கு வரும் வெண்கழிச்சல். ஆசனவாயைச் சுண்ணாம்புபோல் எச்சம் அடைத்துக்கொள்ளும். இதன் கிருமி தாய்க்கோழியின் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போவதால், நோய் கண்ட கோழியின் முட்டையை அடைகாக்க வைத்தல் கூடாது.

இவையன்றி, எச்சத்தில் புழு காணப்பட்டாலோ, நன்றாகத் தின்றும் கோழி மெலிந்தாலோ குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

தீனியில் கவனம்

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணத்தைத் தேடியபோது, அவற்றின் தீனியில் சேர்ந்த கடலைப்பிண்ணாக்கில் படர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே என்று புலப்பட்டது. கடலை விளைவிக்கும் நம் அங்கத்தினர்கள் இதை மறத்தலாகாது. மாட்டுக்கு ஆகாதென்று ஒதுக்கிய பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கையும் தானியத்தையும் கோழிக்குப் போடுவது சிக்கனமன்று. அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு.

நோய் கண்டால்

நோயுற்ற கோழியை உடனே தனியே பிரித்து, மற்றவற்றுக்குப் பின்னரே அதற்குத் தீனி வைத்துக் கை கழுவ வேண்டும். செத்ததைத் தெருவில் எறியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். பல கோழிகள் திடீரென மடிந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். ஆகையால் அவற்றைக் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது கடமை. குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பகுதிக்கு வாய்ப்பானது.

சாகுமுன் விற்றுவிடுவோம் என்று நோய்க்கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோவோரும் உண்டு. அன்று கைக்கு வரும் சில ரூபாய்க்காக, வாங்கியவர் வீட்டுக் கோழிகள் அனைத்தும் அழிகின்றன. அவர் நம் சங்கத்தின் அங்கத்தினராகவும் இருக்கலாம்.

கூடிச் செய்ய வேண்டியது

ராணிக்கேத் நோய்க்குக் குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போடுவது வழக்கம். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்குதல் நலம். இராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இம்மருந்தைத் தயாரித்து வருகிறது. ஊர்ப்பெயரையும் நோய்ப்பெயரையும் ஒன்றெனக் கொள்ள வேண்டா.

தடை எங்கே இருக்கிறது? தடுப்பு மருந்து பொதுவாக நூறு கோழிகளுக்கான குப்பியாகவே வருகிறது. அதைக் குளிரில் காக்க வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் ஒரு குப்பியைத் திறந்தால் 92 பங்கு வீணாகும். பன்னிரண்டு வீட்டார் ஒரே காலையில் கூடினால் 96 கோழிகளுக்கு ஊசி போட்டுவிடலாம். செலவும் பன்னிரண்டில் ஒரு பங்காகும். தனியொருவரால் இயலாதது பலர் கூடினால் எளிதாவதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் தெருவில் எத்தனை வீடுகளில் எத்தனை கோழிகள் உள்ளன? அப்பட்டியலை எழுதுபவர் யார்?
2. அடுத்த கோடைக்கு முன் ஊசி போடுவதற்கு ஏற்ற நாள் எது?
3. மருந்தைக் குளிர்பெட்டியில் கொண்டுவரும் பொறுப்பை ஏற்பவர் யார்?
4. நோய்க்கோழியை விற்பதில்லை என்று நாம் அனைவரும் உறுதி செய்துகொள்ளலாமா?