மாடியில் குயினோவா: கார்த்திகையில் விதையுங்க

கடையில் வாங்கிய குயினோவா பாக்கெட்டைப் பார்த்து, "இதையே மாடியில தூவினா முளைக்குமா?" என்று யோசிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் முளைக்கும். ஆனால் கதிரில் மணி பிடிக்குமா என்பது நீங்கள் விதைக்கும் மாதத்தைப் பொறுத்தது.

குயினோவாவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பெரு, பொலிவியா நாடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைகிறது. குளிருக்குப் பழகிய பயிர் என்பதால், பூக்கும் சமயத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செடி செழிப்பாக நிற்கும், மணியோ பதராகிவிடும். மாசியில் விதைத்துவிட்டு, "உரம் போதலையோ" என்று வருந்துபவர்கள் உண்டு. குறை உரத்தில் இல்லைங்க, வெயிலில்தான். பெருமழை ஓய்ந்ததும் கார்த்திகை நடுவில் விதைத்தால், 90 முதல் 120 நாளில், பங்குனி வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் அறுத்துவிடலாம்.

கடைக் குயினோவா தோல் தீட்டியதாக இருக்கலாம். அதனால் முதலில் 20 மணிகளை ஈரத்துணியில் மடித்து மூன்று நாள் வைத்துப் பாருங்கள். பாதிகூட முளைக்கவில்லை என்றால், விதைக்கென்றே விற்பதை வாங்குவது நல்லது. தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், மண் கலந்த பையில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் தூவுங்கள். தண்ணீர் தேங்கவே கூடாது, நாற்று அழுகிவிடும்.

நாற்று பார்க்க நம்ம சக்கரவர்த்திக்கீரை மாதிரியே இருக்கும், இரண்டும் ஒரே இனம். களைன்னு நினைச்சுப் பிடுங்கிடாதீங்க! பைக்கு இரண்டு செடி விட்டு, மற்றதைக் களைத்துப் பொரியல் செய்யலாம். ஆக்சலேட் இருப்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அந்தக் கீரையைத் தவிர்க்கவும்.

இலை பழுத்து உதிர்ந்ததும் ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியாவிட்டால் அறுவடைக்குத் தயார். அந்த வாரம் உழவன் செயலியில் வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முற்றிய கதிர் மழையில் நனைந்தால் செடியிலேயே முளைத்துவிடும்.

இனிதான் முக்கியமான வேலை. வீட்டில் விளைந்த மணியின் மேல் சபோனின் என்ற கசப்புப் பொருள் இருக்கும். பூந்திக்கொட்டையில் நுரை வருவதும் இதனால்தான். கழுவாமல் சமைத்தால் கசக்கும், வயிற்றையும் தொந்தரவு செய்யலாம். நுரை நிற்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றித் தேய்த்துக் கழுவி, ஒரு மணியை மென்று பாருங்கள். கசந்தால் இன்னொரு தடவை.

ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், சிறுதீயில் 15 நிமிடம். மணியைச் சுற்றி வெள்ளை வளையம் பிரிந்தால் வெந்துவிட்டது. உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் நன்றாகச் சேரும். 100 கிராம் குயினோவாவில் சுமார் 14 கிராம் புரதம் உண்டு, உண்மைதான். ஆனால் மாவுச்சத்தும் 60 கிராமுக்கு மேல் இருக்கிறது. "சர்க்கரை உள்ளவங்க எவ்வளவு வேணா சாப்பிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி அளவை மீறாதீர்கள். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

நான்கைந்து பை வைத்தால் சில வேளை உப்புமாவுக்குத்தான் வரும், மூட்டை கட்ட முடியாது. அதிலும் இரண்டு ஸ்பூன் மணியைக் கழுவாமல் நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து வையுங்கள். அடுத்த கார்த்திகைக்கு அதுவே விதை.