விழுந்த பல்லை எறியாதீர்கள்

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி கொல்கத்தாவில் உள்ளது. 1920 ஆம் ஆண்டு டாக்டர் ரஃபியுதீன் அகமது அதைத் தொடங்கினார். இன்று அந்தக் கல்லூரி அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. இப்போது நாட்டின் பல நகரங்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

இந்தக் கல்லூரிகளில் ஒரு முக்கியமான பாடம் உண்டு. அடிபட்ட பல்லை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அந்தப் பாடம். அது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

மூன்று கேள்விகள்

பல்லில் அடிபட்டு ஒருவர் வருகிறார். அவரிடம் முதலில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

எப்போது அடிபட்டது? நேரம் போகப் போக, விழுந்த பல் பிழைக்கும் வாய்ப்பு குறையும்.

எங்கே அடிபட்டது? மண்ணிலோ சாணத்திலோ விழுந்திருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி தேவைப்படலாம்.

எப்படி அடிபட்டது? பலமான அடி என்றால் தலையிலும் காயம் இருக்கலாம். மயக்கமோ வாந்தியோ வந்தால் பல்லைப் பிறகு பார்க்கலாம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல்லின் உயிர் எங்கே?

பல் முழுதாகக் கழன்று விழுந்தாலும் உடனே செத்துப் போவதில்லை. பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்கள் உண்டு. அவைதான் பல்லை எலும்போடு பிடித்து வைக்கின்றன. அந்த நார்களில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. காற்றில் காய்ந்தால் அவை செத்துவிடும். ஒரு மணி நேரம் காய்ந்து கிடந்தால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

இங்கேதான் சிக்கல். பல்லை முதலில் கையில் எடுப்பவர் மருத்துவர் அல்ல. தாய் எடுப்பார். பள்ளி ஆசிரியர் எடுப்பார். கூட விளையாடிய பையன் எடுப்பான். காகிதத்தில் மடித்து வைப்பார்கள். சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். அதனால் வேரில் உள்ள செல்கள் செத்துவிடும். பிறகு மருத்துவர் கெட்டிக்காரராக இருந்தும் பயன் குறைவுதான்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

1. பதறாமல் பல்லைத் தேடி எடுங்கள். வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள்.

2. அழுக்கு இருந்தால் ஆறிய பாலில் மெதுவாக அலசுங்கள். தேய்க்காதீர்கள். சுரண்டாதீர்கள்.

3. முடிந்தால் பல்லை அதே குழியில், அதே பக்கம் பார்த்து வையுங்கள். சுத்தமான துணியை மடித்துக் கடிக்கச் சொல்லுங்கள்.

4. வைக்க முடியாவிட்டால் ஆறிய பாலில் போடுங்கள். பால் இல்லையா? அடிபட்டவரின் எச்சிலைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். வெறும் தண்ணீரில் ஊற வைப்பது நல்லதல்ல. தண்ணீரில் அந்தச் செல்கள் வெடித்துவிடும்.

5. உடனே பல் மருத்துவரிடம் போங்கள். ஒரு மணி நேரம் தாண்டினாலும் பல்லை எறியாமல் கொண்டு போங்கள்.

பால் பல் விழுந்தால்?

சிறு குழந்தையின் பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. வைத்தால், ஈறுக்குள் வளரும் புதுப் பல் கெட்டுப்போகலாம். மேல் முன்பற்கள் சுமார் 7, 8 வயதில் புதிதாக முளைக்கும். எந்தப் பல் என்று தெரியாவிட்டால் குழியில் வைக்காதீர்கள். பாலில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவர் என்ன செய்வார்?

பல்லைச் சரியாகப் பொருத்துவார். மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டுவார். பெரும்பாலும் 2 வாரம் அந்தக் கம்பி இருக்கும். அதுவரை மென்மையான உணவையே சாப்பிட வேண்டும். மென்மையான பிரஷால் பல் துலக்க வேண்டும். பல்லின் உள்ளேயும் சிகிச்சை தேவைப்படலாம். மருத்துவர் சொல்லும் நாட்களில் தவறாமல் போக வேண்டும்.

மருத்துவர் கற்றது மருத்துவமனையில் உதவும். அங்கே போகும் முன் உதவுவது நாம் கற்றதுதான். இந்தப் பாடத்தை வீட்டில் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகளின் பள்ளியிலும் சொல்லுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. விழுந்த பல்லில் எந்தப் பகுதியைத் தொடக் கூடாது?
2. பல்லை எதில் போட்டு எடுத்துப் போக வேண்டும்?
3. பால் பல்லை ஏன் திரும்ப வைக்கக் கூடாது?