திராட்சைத் தோட்டமும் டேபிளும்: சில நம்பிக்கைகள்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்த, விவசாயிகள் சென்னைப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். விவரம் திரட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் இணையப் படிவம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தின் அழகுக்கு மெனக்கெடும் பலர், பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் டேபிளை ஐந்து நிமிட வேலையாக நினைக்கிறார்கள். கோளாறு நுழைவது அங்கேதான்.

‘இலக்கமாக இருந்தால் இன்டிஜர்’ என்பது பரவலான நம்பிக்கை. உத்தமபாளையம் பக்கத்துத் தொலைபேசிக் குறியீடு 04554. இன்டிஜரில் போட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்துவிடும். 112/2ஏ என்று உட்பிரிவோடு வரும் சர்வே எண் ஏறவே ஏறாது. கூட்டிக் கழிக்க வேண்டாத எதையும் டெக்ஸ்டாக வைப்பதே சரி. நிலப் பரப்பைக் கூட்டத்தான் வேண்டும். அதற்கும் ஃப்ளோட் ஆகாது, டெசிமல்தான். ஃப்ளோட்டில் 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் 0.30000000000000004.

‘யூனிகோடு வந்தபின் தமிழுக்குச் சிக்கலே இல்லை’ என்பது பாதி உண்மை. போடிநாயக்கனூர் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் 14 குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 42 பைட். டேட்டாபேஸ்களில் மைஎஸ்க்யூஎல், வார்சார் என்ற டெக்ஸ்ட் வகையின் அளவைக் குறியீடுகளில் எண்ணும். ஆரக்கிள் வழக்கமாக பைட்டில் எண்ணும். அங்கே 30 என்று ஒதுக்கினால் ஊர்ப்பெயர் உள்ளே போகாது.

அதைவிடப் பெரிய தொல்லை ‘போ’. அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு வேறு கால் வேறு என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் வழக்கமான அமைப்பில் பைட் பைட்டாக ஒப்பிடும். அதற்கு இவை இரண்டு ஊர்கள். ‘போடி’ என்று தேடினால் பாதிப் பேர் விடுபடக்கூடும். சேமிக்கும் முன்பே, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்; போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு ‘நார்மலைஸ்’ என்ற ஃபங்ஷனே இருக்கிறது.

குடும்பப் பெயரைக் கட்டாயமாக்குவதும் வீண். இனிஷியலோடு பெயர் எழுதும் ஊரில், அந்தக் கட்டத்தில் வெறும் புள்ளிதான் விழும். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும்.

‘கைபேசி எண்ணே பிரைமரி கீ’ என்பவர்கள், அப்பா அம்மா இருவருக்கும் மகளின் எண்ணைக் கொடுக்கும் வீடுகளை மறந்துவிடுகிறார்கள். விவசாயிக்குத் தனி ஐடி வேண்டும். சுருளிப்பட்டியில் ஒன்று, கூடலூரில் ஒன்று எனத் தோட்டம் வைத்திருப்பவருக்காக ‘தோட்டம்1, தோட்டம்2’ என்று டேபிளைப் பக்கவாட்டில் நீட்டினால், அவர் மூன்றாவதை வாங்கும்போது டேபிளின் அமைப்பையே மாற்ற நேரும். தோட்டங்களுக்குத் தனி டேபிள் போட்டு, ஒவ்வொரு வரியிலும் விவசாயியின் ஐடியை ஃபாரின் கீயாக வைத்தால், மூன்றாவது தோட்டம் இன்னொரு வரி, அவ்வளவுதான்.